விரைந்து வரும் விடை

உரைநடைப் பாடம்

கற்றல் நோக்கங்கள்

• அறிவியல் செய்தியை விளக்கும் உரைநடையைப் படித்துப் பொருளுணர்தல்.
• நோய்த்தொற்றைக் கண்டறியும் மூலக்கூறுப் பரிசோதனை நடைபெறும் முறையைத் தம் சொற்களில் எடுத்துரைத்தல்.
• மருத்துவக் கலைச்சொற்களின் அமைப்பை அறிந்து, பேச்சிலும் எழுத்திலும் பயன்படுத்துதல்.

நுழையும் முன்

காய்ச்சலோ இருமலோ நீடித்தால் மருத்துவரை நாடுகிறோம். அவர் குருதியையோ சளியையோ பரிசோதிக்கப் பணிக்கிறார். விடை வரும்வரை நோயாளி காத்திருக்கிறார். அவரைச் சார்ந்தோரும் காத்திருக்கின்றனர். நோய்க்கிருமியோ காத்திருப்பதில்லை. இந்தக் காத்திருப்பைச் சில மணி நேரமாகக் குறைத்த அறிவியலையும், அதன் பயன் நோயாளியின் கைக்கு வந்து சேர வேண்டிய தேவையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காத்திருப்பின் விலை

அட்டப்பாடி மலைப்பகுதியில் வாழும் ஒரு தாயை மனத்தில் கொள்வோம். அவர் கற்பனைப் பாத்திரம். ஆனால் அவருடைய நிலை கற்பனையன்று. மூன்று வாரங்களாக அவருக்கு இருமல் நிற்கவில்லை. மாலையில் காய்ச்சல் வருகிறது, உடல் மெலிகிறது. ஊரிலிருந்து சாலைக்கு நடந்து வந்து, ஜீப்பிலோ பேருந்திலோ ஏறி, அகளிக்கு வந்து சேர்கிறார். அன்றைய கூலி போயிற்று. சளி மாதிரியைக் கொடுத்த பின், "விடை வந்ததும் வாருங்கள்" என்று சொல்லி அனுப்புகின்றனர். அந்த மாதிரி மலைப்பாதையின் வளைவுகளைக் கடந்து மன்னார்க்காடு வழியே வெளியூர் ஆய்வகத்திற்குச் செல்ல வேண்டும் என்றால் எத்தனை நாள் ஆகும்? விடை வந்திருக்கிறதா என்று கேட்பதற்காக அவர் இன்னொரு நாள் கூலியை இழந்து மறுபடியும் வர வேண்டும். வந்தும் விடை வந்திராவிட்டால், மூன்றாம் முறை வருவாரா?

அவருடைய நோய் காசநோயாக இருந்தால், இக்கேள்வி அவர் ஒருவரைப் பற்றியது மட்டும் அன்று. நுரையீரல் காசநோய் காற்றின் வழியே பரவுவது. மருத்துவம் பெறாத நோயாளி ஒருவர், தம்முடன் நெருங்கிப் பழகுவோரில் ஓராண்டில் 5 முதல் 15 பேர் வரை தொற்றச் செய்யக்கூடும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஒரே அறையில் உறங்கும் குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி. உலகக் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். எனவே, நோய் இன்னதென்று அறிவதற்கும் மருந்தைத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் ஏழை நோயாளியும் அவருடைய பிள்ளைகளுமே.

காண்பதும் வளர்ப்பதும்

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், இராபர்ட் கோக் என்னும் செருமானிய மருத்துவர், காசநோய்க்குக் காரணமான நுண்ணுயிரைத் தாம் கண்டறிந்ததைப் பெர்லின் நகரில் அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதன் பின் நூறாண்டுகளுக்கும் மேலாக, சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் காண்பதே காசநோயைக் கண்டறியும் முதன்மை முறையாக விளங்கியது. செலவு குறைவு, சிறிய மருத்துவமனையிலும் செய்யலாம். ஆயினும் அதற்கு ஒரு பெருங்குறை இருந்தது. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 10,000 கிருமிகளேனும் இருந்தால்தான் நுண்ணோக்கியில் அவை கண்ணுக்குப் புலப்படும். கிருமி குறைவாக உள்ள நோயாளி, "நோய் இல்லை" என்னும் விடையுடன் வீடு திரும்பிவிடுவார்.

இக்குறையைத் தீர்க்க உதவியது வளர்ப்பு முறை. சளியிலுள்ள கிருமிகளுக்கு உணவூட்டி, ஆய்வகத்தில் பெருகச் செய்து காண்பது அம்முறை. ஆனால் காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகும் இயல்புடையது. திரவ ஊடகத்தில் வளர்த்தால் இரண்டு முதல் ஆறு வாரங்களும், திட ஊடகத்தில் வளர்த்தால் எட்டு வாரங்கள் வரையும் ஆகலாம். அந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்று அறிய மேலும் காலம் வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியைத் தாங்கிய நோயாளிக்கு, விடை வருமுன் வழக்கமான மாத்திரைகளைத் தொடங்கினால், அவர் நாள்தோறும் தவறாமல் உட்கொண்டும் நோய் தணியாது. குற்றம் நோயாளியுடையதன்று, செய்தி தாமதமாக வந்ததே குற்றம்.

விரைவாகக் காணும் முறை நுட்பமாக இல்லை. நுட்பமாகக் காணும் முறை விரைவாக இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே தந்ததே மூலக்கூறுப் பரிசோதனை.

அம்பலப்புழையின் அரிசி மணிகள்

மூலக்கூறுப் பரிசோதனையை விளங்கிக்கொள்ளக் கேரள மக்கள் நன்கறிந்த ஒரு கதை நமக்கு உதவும். அம்பலப்புழை மன்னருடன் சதுரங்கம் ஆட ஒரு முனிவர் வந்தாராம். வென்றால் என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டார். "சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஓர் அரிசி, இரண்டாம் கட்டத்தில் இரண்டு, மூன்றாம் கட்டத்தில் நான்கு என்று ஒவ்வொரு கட்டத்திலும் இருமடங்காக வைத்துத் தந்தால் போதும்" என்றார் முனிவர். இவ்வளவுதானா என்று நகைத்த மன்னர், ஆட்டத்தில் தோற்ற பின்புதான் கணக்கைப் பார்த்தார். களஞ்சியம் முழுவதையும் கொட்டினாலும் கடன் தீராது என்று தெரிந்தது. முனிவராக வந்தவர் கண்ணன் என்பதும், அக்கடனே நாள்தோறும் பால்பாயசமாகப் படைக்கப்படுகிறது என்பதும் அக்கோயிலைப் பற்றிய மரபுச் செய்தி.

இருமடங்காதலின் ஆற்றலை இக்கதை உணர்த்துகிறது. 11ஆம் கட்டத்தில் 1,024 அரிசி. 21ஆம் கட்டத்தில் பத்து இலட்சத்தைக் கடந்துவிடும். 31ஆம் கட்டத்தில் 107 கோடிக்கும் மேல்.

ஒவ்வோர் உயிருக்கும் அதற்கே உரிய மரபுச்செய்தி உண்டு. காசநோய்க் கிருமியின் மரபுச்செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளது. அந்த இழையில், அக்கிருமிக்கு மட்டுமே உரிய ஒரு சிறு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் படியெடுத்துக்கொண்டே போனால் என்ன? ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். முப்பது சுற்றுகள் தடையின்றி நிறைவேறினால், ஓர் இழை நூறு கோடிக்கும் மேற்பட்ட படிகளாகப் பெருகிவிடும். காண முடியாத ஒன்று கருவியால் அளக்கத்தக்க அளவினை எய்திவிடும். இதுவே பாலிமரேஸ் தொடர்வினை. கொரோனாக் காலத்தில் நாம் அடிக்கடி கேட்ட 'பிசிஆர்' என்னும் சொல் இதனையே குறிக்கும்.

ஒவ்வொரு சுற்றிலும் மூன்று செயல்கள் நிகழ்கின்றன. முதலில் ஏறத்தாழ 95 பாகை செல்சியசு வெப்பத்தில் இரட்டை இழை இரண்டாகப் பிரிகிறது. அடுத்து வெப்பம் தணிந்ததும், நாம் தேடும் பகுதியின் இரு முனைகளிலும் 'தொடக்கி' எனப்படும் சிறு துண்டுகள் சென்று பொருந்துகின்றன. தேடும் கிருமி மாதிரியில் இல்லையெனில், பொருந்துவதற்கு இடமும் இல்லை, படியெடுப்பு நிகழாது. மூன்றாவதாக, பாலிமரேஸ் என்னும் நொதி அத்துண்டிலிருந்து தொடங்கிப் புதிய இழையை நெய்து முடிக்கிறது. படிகள் பெருகப் பெருக, அவற்றோடு இணைக்கப்பட்ட ஒளிரும் பொருளின் ஒளியும் பெருகும். அந்த ஒளியைக் கருவி அளந்து, "கிருமி உண்டு" என்று அறிவிக்கிறது. நிபா, கொரோனா போன்ற வைரசுகளின் மரபுச்செய்தி ஆர்.என்.ஏ. வடிவில் இருப்பதால், அதனை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றிக்கொண்டு பின்னர் படியெடுப்பர்.

இம்முறையை 1983இல் சிந்தித்துக் கண்டவர் அமெரிக்க அறிவியலறிஞர் கேரி முல்லிசு. 1993இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. 95 பாகை வெப்பத்திலும் அழியாத நொதி எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? அமெரிக்காவின் எல்லோசுடோன் பூங்காவில் உள்ள வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து. 1960களில் அவ்வூற்றுகளை ஆராய்ந்தவர்கள் நோயைப் பற்றி எண்ணியிருக்க மாட்டார்கள். அவர்கள் கண்டெடுத்த எளிய உயிர் இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் பணிபுரிகிறது.

பெட்டிக்குள் ஓர் ஆய்வகம்

தொடக்கத்தில் இப்பரிசோதனைக்குப் பெரிய ஆய்வகமும், தனித்தனி அறைகளும், பயிற்சி பெற்ற வல்லுநர்களும் தேவைப்பட்டனர். பிற மாதிரியின் துகள் ஒன்று கலந்தாலும் விடை பிழையாகிவிடும் அல்லவா? இந்தத் தடையை நீக்கிய கருவிகளுள் ஒன்று ஜீன் எக்ஸ்பர்ட். நம் நாட்டு மருத்துவமனைகளில் இதனைச் 'சிபிநாட்' என்றே அழைப்பர். சளி மாதிரியை ஒரு மூடிய குப்பியில் இட்டுக் கருவியில் பொருத்தினால், டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது முதல் விடை கூறுவது வரை அனைத்தும் அக்குப்பிக்குள்ளேயே நிகழும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரு செய்திகள் கிடைக்கும்: காசநோய்க் கிருமி உண்டா? அது ரிஃபாம்பிசின் என்னும் முதன்மை மருந்தை எதிர்க்கிறதா? ஒரு மில்லிலிட்டரில் நூற்றுமுப்பது அளவில் கிருமிகள் இருந்தாலே இக்கருவி கண்டுகொள்ளும். நுண்ணோக்கிக்குத் தேவைப்பட்ட பத்தாயிரத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க. 2010 டிசம்பரில் உலக நலவாழ்வு நிறுவனம் இப்பரிசோதனைக்கு ஒப்புதல் அளித்தது.

ஆயினும் அக்கருவிக்குத் தடையற்ற மின்சாரமும், கணினியும், வெப்பம் மிகாத அறையும் வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்பதை மலையூர்களில் வாழ்வோருக்குச் சொல்லத் தேவையில்லை. இவ்விடத்தில்தான் நம் நாட்டு அறிவியலாளர் ஒரு தீர்வு கண்டனர். பெங்களூரிலுள்ள பிக்டெக் ஆய்வகமும் கோவாவிலுள்ள மோல்பியோ நிறுவனமும் உருவாக்கிய 'ட்ரூநாட்' கருவி, மின்கலத்தால் இயங்குவது, எடுத்துச் செல்லத்தக்கது. விரல்நுனி அளவுள்ள சில்லில் பரிசோதனை நிகழ்கிறது. காசநோய் உண்டா என்பதை ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலும், உண்டெனில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உள்ளதா என்பதை மேலும் ஒரு மணி நேரத்திலும் இது தெரிவிக்கும். 2020இல் உலக நலவாழ்வு நிறுவனம் இதனையும் ஏற்றது. அதே ஆண்டில் கொரோனாத் தொற்றைக் கண்டறியவும் இக்கருவி நாடெங்கும் பயன்பட்டது.

மாதிரி நகரத்துக்குச் சென்ற நிலை மாறி, ஆய்வகம் மாதிரியைத் தேடி வரத் தொடங்கியது.

சிலிகுரியும் கோழிக்கோடும்

காசநோயில் வாரக்கணக்கில் நேரும் இழப்பு, வேறு சில நோய்களில் நாள் கணக்கிலேயே நேர்ந்துவிடும். அதற்கு நிபா சான்று.

2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் சிலிகுரி நகரில் 66 பேர் கடுங்காய்ச்சலுக்கும் மூளையழற்சிக்கும் ஆளாயினர். அவர்களுள் பெரும்பாலோர் இறந்தனர். மருத்துவமனைகளில் பணிபுரிந்தோரும், நோயாளிகளைக் காண வந்தோரும் பலராக நோயுற்றனர். அது என்ன நோய் என்று அன்று எவராலும் உறுதியாகக் கூற முடியவில்லை. பாதுகாத்து வைக்கப்பட்ட மாதிரிகள் பின்னர் ஆராயப்பட்டபோதுதான் அது நிபா என்று தெரிந்தது. அந்த ஆய்வு முடிவு 2006இல் வெளிவந்தது. விடை கிடைத்தது, ஆனால் அவ்விடை அந்த 66 பேருள் ஒருவருக்கும் பயன்படவில்லை.

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் பேராம்பிரா அருகே ஓர் இளைஞர் நோயுற்று இறந்தார். நோய் இன்னதென்று அப்போது தெரியவில்லை. சில நாட்களில் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொருவர், அதே அறிகுறிகளுடன் கோழிக்கோட்டுத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். ஒரே வீட்டில் இருவருக்கு ஒரே வகை நோய் வந்ததை மருத்துவர்கள் கூர்ந்து நோக்கினர், ஐயுற்றனர். மாதிரிகள் மணிப்பால் வைரசு ஆய்வு மையத்திற்கு அனுப்பப்பட்டன. அங்கு மூலக்கூறுப் பரிசோதனையில் நிபா கண்டறியப்பட்டது. புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனமும் அதனை உறுதிசெய்தது. சிலிகுரியில் ஆண்டுகள் கடந்து வந்த விடை, கோழிக்கோட்டில் சில நாட்களுக்குள் வந்தது.

விடை வந்ததும் செய்ய வேண்டியவை தெளிவாயின. நோயாளிகள் தனிமைப்படுத்தப்பட்டனர். மருத்துவப் பணியாளர்களுக்குக் காப்புடைகள் வழங்கப்பட்டன. நோயாளிகளுடன் பழகிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கண்டறியப்பட்டுக் கண்காணிக்கப்பட்டனர். ஜூன் மாதத் தொடக்கத்திற்குப் பின் புதிய தொற்று காணப்படவில்லை. ஆயினும் இழப்பு சிறிதன்று. ஆய்வுப் பதிவுகளின்படி நோயுற்ற 23 பேருள் உயிர் பிழைத்தவர் இருவரே. அவர்களுள் மிகப் பலர், நோயின் பெயர் தெரியுமுன்னரே முதல் நோயாளியின் அருகில் இருந்து தொற்றுக்கு ஆளானவர்கள். பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி அவ்வாறே தொற்றுக்கு ஆளாகி, மே 21 அன்று உயிர்நீத்தார். அவர் பேணிய நோயாளிக்கு என்ன நோய் என்பது அன்றே தெரிந்திருந்தால், அவர் எத்தகைய காப்புடன் அருகில் சென்றிருப்பார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா மீண்டும் தோன்றியபோது, ட்ரூநாட் கருவியின் வழியாக நிபாப் பரிசோதனை செய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கேரளத்துக்கு ஒப்புதல் அளித்தது. நோயாளியின் அருகிலேயே விடை கிடைக்க வேண்டும் என்னும் பாடத்தை முந்தைய துயரங்கள் கற்பித்திருந்தன.

கருவி செய்யாதவை

எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. அதனை அறிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை.

முதலாவது, மாதிரி சரியாக இருத்தல் வேண்டும். சளிக்குப் பதிலாக எச்சிலைக் கொடுத்தால் எத்தகைய கருவியாலும் பயனில்லை. ஆழ்ந்து மூச்சிழுத்து, மார்பின் ஆழத்திலிருந்து இருமி எடுத்த சளியே வேண்டும். காலையில் எடுப்பது நன்று. இதனைப் பொறுமையாக, நோயாளி அறிந்த மொழியில் எடுத்துச் சொல்ல ஒருவர் தேவை.

இரண்டாவது, காலம் பொருந்த வேண்டும். டெங்குக் காய்ச்சலில் முதல் ஐந்து நாட்கள் வரை வைரசின் மரபுச்செய்தியைக் குருதியில் காணலாம். அதன் பின் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுவதே பொருத்தம். எந்த நாளில் எந்தப் பரிசோதனை என்பதை முடிவு செய்பவர் மருத்துவரே.

மூன்றாவது, இப்பரிசோதனை இறந்த கிருமியின் மரபுச்செய்தியையும் கண்டு காட்டும். ஆகவே மருந்து உட்கொண்டு வருபவருக்கு நோய் தணிந்ததா என்று அறிய இதனைப் பயன்படுத்துவதில்லை. அதற்கு நுண்ணோக்கியும் வளர்ப்பு முறையும் இன்றும் தேவை. பழைய முறைகள் பயனற்றுப் போய்விடவில்லை.

நான்காவது, "கிருமி இல்லை" என்னும் விடை எப்போதும் முடிவான விடை ஆகாது. சிறு குழந்தைகளாலும், நுரையீரல் அல்லாத பிற உறுப்புகளில் காசநோய் கண்டவர்களாலும் நல்ல மாதிரி கொடுப்பது அரிது. அறிகுறிகள் நீடித்தால் மருத்துவர் மேலும் ஆராய்வார்.

வீடு வரை வந்த மருத்துவம்

காசநோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, மலைப்பாங்கான இடத்திலோ ஊர்ப்புறத்திலோ நெடுங்காலம் தங்கவைப்பதே ஒரு காலத்தில் மருத்துவமாக இருந்தது. சென்னையை அடுத்த தாம்பரத்தில் 1928இல் அத்தகைய நலவிடுதி தொடங்கப்பட்டது. அங்குள்ள தொடர்வண்டி நிலையம் இன்றும் 'சானடோரியம்' என்றே பெயர் தாங்கி நிற்கிறது. 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று நிறுவப்பட்டது. இந்நாளில் அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் சேத்துப்பட்டில் இயங்குகிறது. அம்மையத்தினர் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் விடுதியில் தங்கி மருந்து உட்கொண்டனர். மறு பிரிவினர் நெருக்கமான தம் வீடுகளிலேயே வாழ்ந்து மருந்து உட்கொண்டனர். வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் நலம் பெற்றனர். அவர்களுடைய குடும்பத்தினருக்கு அதனால் மிகுதியான தொற்றும் ஏற்படவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு, உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது. மருந்து, நோயாளியின் வீட்டைத் தேடி வந்தது.

மருந்து வீட்டுக்கு வந்த பின்னும், பரிசோதனை நெடுங்காலம் தொலைவிலேயே நின்றது. இப்போது அதுவும் அருகில் வரத் தொடங்கியுள்ளது. நாம் தொடக்கத்தில் கண்ட தாயிடம் திரும்புவோம். அவர் காலையில் சளி மாதிரியைக் கொடுக்கிறார். உணவருந்தி, மருத்துவமனைத் திண்ணையில் சிறிது நேரம் அமர்ந்திருக்கிறார். உச்சிப்பொழுதுக்குள் விடை வருகிறது. மருத்துவர் அவரை அழைத்து, "இது காசநோய். ஆறு மாதம் மருந்தை விடாமல் உட்கொண்டால் குணமாகும்" என்று விளக்குகிறார். பிற்பகல் பேருந்தில் அவர் மருந்துடன் வீடு திரும்புகிறார். மறுநாள் ஆஷா பணியாளர் அவருடைய ஊருக்குச் சென்று, பிள்ளைகளுக்கும் பரிசோதனை வேண்டும் என்று அன்புடன் எடுத்துரைக்கிறார். ஒரே நாளில் இவ்வளவும் நடந்தால்தான் அது விரைவுப் பரிசோதனை. கருவி ஒரு மணி நேரத்தில் கண்டறிந்த விடை, ஒரு வாரம் மேசைமேல் கிடந்தால் அது விரைவாகாது. சளி கொடுத்த நேரத்திலிருந்து முதல் மாத்திரையை விழுங்கும் நேரம் வரை ஆகும் காலமே நோயாளியின் கணக்கு.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்துக் கூறுகிறது. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிந்த பின்பே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்றும் அது வற்புறுத்துகிறது. அந்த ஆராய்ச்சியை இன்று ஒரு சிறு பெட்டி ஒரு மணி நேரத்தில் செய்து தருகிறது. எஞ்சிய பணி அந்த நால்வருடையதே.

அறிவோம்

'காசம்' என்னும் சொல்லுக்கு இருமல் என்பது பொருள். அதனால் இருமலை முதன்மை அறிகுறியாகக் கொண்ட நோய் காசநோய் ஆயிற்று. உடலை மெலியச் செய்வதால் 'எலும்புருக்கி நோய்' என்றும் வழங்கினர். குறைதல், தேய்தல் என்னும் பொருளுடைய 'க்ஷயம்' என்னும் சொல்லால் மலையாளத்தில் இந்நோய் குறிக்கப்படுகிறது. தமிழில் அச்சொல் 'கயம்' என வழங்கும். ஒரே நோயை ஒரு பெயர் இருமலாகவும், மற்றொன்று மெலிவாகவும் கண்டது.

சொல்லும் பொருளும்

குருதி – இரத்தம்
நொதி – உயிரினங்களில் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
மாதிரி – பரிசோதனைக்காக எடுக்கப்படும் சிறு பகுதி
ஊடகம் – கிருமி வளர்வதற்கு உணவாகும் பொருள்
படியெடுத்தல் – ஒன்றைப் போன்ற மற்றொன்றை உண்டாக்குதல்
மூளையழற்சி – மூளையில் உண்டாகும் வீக்க நோய்
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்

இலக்கணக் குறிப்பு

விரைந்து – வினையெச்சம்
வந்த விடை – பெயரெச்சத் தொடர்
வெந்நீர் (வெம்மை + நீர்) – பண்புத்தொகை
விடாமல் – எதிர்மறை வினையெச்சம்
நுண்ணோக்கியும் வளர்ப்பு முறையும் – எண்ணும்மை
கண்டறியப்பட்டது – செயப்பாட்டுவினை

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. காசநோய்க் கிருமி கண்டறியப்பட்டதைக் கோக் அறிவித்த ஆண்டு
அ) 1928  ஆ) 1882  இ) 1956  ஈ) 1983

2. மின்கலத்தால் இயங்கும் கருவி
அ) நுண்ணோக்கி  ஆ) சிபிநாட்  இ) ட்ரூநாட்  ஈ) திட ஊடகம்

3. அம்பலப்புழைக் கதை விளக்கும் கருத்து
அ) வெப்பம்  ஆ) இருமடங்காதல்  இ) மருந்து எதிர்ப்பு  ஈ) தனிமைப்படுத்தல்

குறுவினா

1. நுண்ணோக்கி முறையின் குறை யாது?
2. சிபிநாட் பரிசோதனையால் கிடைக்கும் இரு செய்திகளைக் குறிப்பிடுக.
3. நோய் தணிந்ததா என்று அறிய மூலக்கூறுப் பரிசோதனையைப் பயன்படுத்தாதது ஏன்?

சிறுவினா

1. பாலிமரேஸ் தொடர்வினையின் ஒரு சுற்றில் நிகழும் மூன்று செயல்களை விளக்குக.
2. சிலிகுரியிலும் கோழிக்கோட்டிலும் நிபாத் தொற்று கண்டறியப்பட்ட விதத்தை ஒப்பிடுக.

நெடுவினா

"சளி கொடுத்த நேரத்திலிருந்து முதல் மாத்திரையை விழுங்கும் நேரம் வரை ஆகும் காலமே நோயாளியின் கணக்கு." பாடக்கருத்துகளைக் கொண்டு இத்தொடரை விளக்கி எழுதுக.

மொழிப் பயிற்சி

1. செய்வினையாக மாற்றுக: நோயாளிகளுடன் பழகியோர் பணியாளர்களால் கண்காணிக்கப்பட்டனர்.
2. பிரித்து எழுதுக: நுண்ணுயிர், காப்புடை, எதிர்ப்பொருள்.
3. இருமல் நீங்காத பாட்டி ஒருவர் மருத்துவமனைக்கு வர அஞ்சுகிறார். "வெளியே தெரிந்தால் ஊரார் ஒதுக்கிவிடுவார்கள்" என்பது அவருடைய கவலை. அவருக்கும் பேர்த்திக்கும் இடையே நிகழும் உரையாடலைப் பத்துத் தொடர்களில் எழுதுக. பாட்டியின் அச்சத்தை எள்ளாமல், பேர்த்தி மறுமொழி கூறுதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

அருகிலுள்ள நலவாழ்வு நிலையத்திற்கு ஆசிரியருடன் சென்று, காசநோய்ப் பரிசோதனைக்குச் சளி மாதிரி கொடுக்கும் முறையைக் கேட்டறிக. அதனைத் தமிழிலும் மலையாளத்திலும், உங்கள் வீட்டில் பேசும் மொழி வேறாயின் அம்மொழியிலும், ஐந்து எளிய தொடர்களாக எழுதி வகுப்பறையில் காட்சிப்படுத்துக. நோயாளி எவருடைய பெயரையும் கேட்கவோ எழுதவோ கூடாது.